வாங்கப் போகும் வீட்டில் யாரோ

"மொதல்ல சாமி வெளக்கு தானா எரிஞ்சிச்சு. அப்புறம் ஹால்ல ஈரக் காலடி. போன வாரம் என் மக உடுப்பு கட்டில்ல படுத்திருந்துச்சு, அக்கா."

துளசி சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். தன் வீட்டுக் கதவைத் திறக்க மனமில்லாமல் அவள் கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றிருந்தாள்.

"உடுப்பு படுத்திருந்துச்சுன்னா?" என்று கேட்டாள் மாதுமை.

"சட்டை, பினஃபோர், சாக்ஸ் எல்லாம் வரிசையா, ஆள் மாதிரி. கழுத்து வரைக்கும் போர்வை. தலை மட்டும் இல்ல."

சீனி ஓரடி பின்னால் நகர்ந்தான். "அக்கா, கேஸை எடுத்துக்குவோம். வீட்டுக்குள்ள மட்டும் போக வேணாம். இங்க இருந்தே கண்டுபிடிக்கலாம்லா. காத்தோட்டமா இருக்கு."

மாதுமை பல வருடம் போலீஸில் சார்ஜன்டாக இருந்தவள். இப்போது ஈப்போவில் ஒரு பூக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். குறைவாகப் பேசுவாள். அவள் மிச்சம் வைப்பதையெல்லாம் உதவியாளன் சீனி பேசித் தீர்ப்பான். கோப்பெங்கில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன், நாற்பதைத் தாண்டியவன், வயிறு அவனுக்கு முன்னால் போய்ச் சேரும். பேய் என்றால் அவனுக்குப் பயம். வாயை மூடிக்கொண்டிருப்பது அதைவிடப் பயம்.

"பூட்டை மாத்துனீங்களா?"

"ரெண்டு தடவை மாத்திட்டேன். ஜன்னலுக்கெல்லாம் கிரில் இருக்கு. ஒண்ணும் ஒடையல. ஒண்ணும் காணாமப் போகல. என் வீட்டுக்காரரு போர்ட் கிள்ளானுக்கு லாரி ஓட்டுறாரு, வாரத்துல பாதி நாள் நானும் புள்ளயும்தான். நைட்டு முழுக்க கண்ண மூடாம ஒக்காந்திருக்கேன்."

லகாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை வெட்டிச் சாய்த்து எழுப்பிய குடியிருப்பு அந்தத் தாமான் மெலூர். வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். வாசலில் தடுப்புக் கம்பி, அதற்குக் காவலாக ஒரு ஜாகா, அந்த ஜாகாவுக்கு மேலே குடியிருப்பாளர் சங்கம். துளசி ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மகள் ஷாமினி கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவள். வீட்டுச் சொந்தக்காரர் துரைசிங்கம் அதற்கு முன்பே வயதாகி, கோலாலம்பூரில் மகனோடு போய் இருந்துகொண்டார். சென்ற மாதம் அவரே போன் போட்டார். 'நீங்களே இந்த வீட்டை எடுங்கோ, பிள்ளை. மாசக் கடைசிக்குள்ள சரிவராட்டி என்ர மகன் வெளியாருக்குக் குடுத்திடுவான்.'

வங்கியும் சம்மதித்துவிட்டது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து வீட்டைப் பார்த்து, அளந்து சொல்ல வேண்டியது மட்டுமே பாக்கி. அவர் இரண்டு முறை வருவதாக இருந்தார். இரண்டு முறையும் துளசி அரை நாள் விடுப்பில் வந்து கதவைத் திறந்தாள். முதல் முறை பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. அடுத்த முறை குளியலறையிலிருந்து ஹால் நடுவரை ஈரக் காலடிகள் வந்து, அங்கேயே நின்றுபோயிருந்தன. இரண்டு முறையும் தெருவுக்கு ஓடிவந்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நீங்க இந்த வீட்ட வாங்குறது யாருக்குப் பிடிக்கல?"

துளசி கண்ணாலேயே இடப்பக்க வீட்டைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து அந்த வீட்டு கேட் கிரீச்சிட்டது.

"யார் இவங்க? ஜாகாகிட்ட பேரு குடுத்தாங்களா?"

சங்கத் தலைவர் கார்த்திகேசு. சட்டைப் பையில் பேனா, கையில் விசில். கூட்டத்துக்குக் கூட்டம், வாடகைக்காரர்களுக்குச் சங்கத்தில் வாயே கிடையாது என்று மைக்கில் முழங்குகிறவர். பின்சந்துக்கு கேட் போடும் விஷயத்தில் தாமானே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டபோது, துளசி எழுந்து ஒரு வார்த்தை சொன்னாள் என்பதற்காக அவளை உட்கார வைத்தவர். அனுமதியில்லாமல் வீட்டை நீட்டியவர்கள் பேரையெல்லாம் மாநகர் மன்றத்துக்கு எழுதப் போவதாக அன்று ஊரையே மிரட்டினார்.

"சொந்தக்காரங்க, அங்கிள்," என்றாள் துளசி.

"சொந்தக்காரங்கன்னாலும் பேரு குடுக்கணும். வீடு ஒனக்கு ஒத்துக்கலன்னா காலி பண்ணிட்டுப் போயேன். தெனம் தெனம் கத்திக்கிட்டு ஓடியார்ற, தாமான் பேரு கெடுது."

அவர் போனதும் சீனி முணுமுணுத்தான். "இவரு இருக்கிற எடத்துல பேய் எப்படிலா தங்கும்? அதுகிட்டயும் பேரு கேப்பாரே."

வலப்பக்கத்து வேலிக்கு மேலே ஒரு பிளாஸ்க் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் ஒல்லியான, ஐம்பதைத் தாண்டிய ஒரு முகம்.

"துளசி, தேத்தண்ணி குடிடா. மொகமே சரியில்ல. அந்த ஆளு பேச்ச மனசுல வெச்சிக்காத." பிளாஸ்க்கை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நானும் சொல்றேன், இந்த எடத்துல முன்ன தோட்டத்துச் சுடுகாடு இருந்துச்சு. பொம்பளப் புள்ளய வெச்சிக்கிட்டு நீ ஏன்லா இதுலயே கெடக்கணும்?"

அவள் விமலா. வீட்டுப் பின்புறம் சமையலுக்குப் பெரிய குசினி வைத்து, கடைகளுக்கு இடியாப்பம் அவித்துப் போடுகிறவள். பள்ளி விட்டதும் ஷாமினி அவள் வீட்டில்தான் இருப்பாள். விளக்கு எரிந்த அன்று துளசியைக் கட்டிப்பிடித்துத் தண்ணீர் குடிக்க வைத்தவளும் அவள்தான்.

உள்ளே போனார்கள். சீனி கடைசியாக, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் நுழைந்தான்.

வீடு சுத்தமாக இருந்தது. பகல் வெளிச்சம் இருந்தும் துளசி போகும் இடமெல்லாம் விளக்குகளைப் போட்டுக்கொண்டே போனாள். மாதுமை பூட்டுகளைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள். துணி காயப்போடும் பின்முற்றம். அங்கே நின்று இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்து இடியாப்ப ஆவி மணத்தது.

"இங்க நான் திரும்புனா வயிறு சொவத்துல இடிக்குது," என்றான் சீனி. "கார்த்திகேசு வீட்டுப் பின்னால பாருங்க, பந்து வெளையாடலாம் போல."

மாதுமை அவனை ஒரு முறை பார்த்தாள். "நல்லாச் சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் பதில் சொல்லாமல் குளியலறைக்கு அடுத்த சாமான் அறைக்குள் போய், அண்ணாந்து பார்த்தாள். அரிசி டின்கள் வைக்கும் இரும்பு அலமாரிக்கு நேர் மேலே, கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போக ஒரு சதுர மூடி. எப்போதோ தொட்டி ஒழுகியதில் அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் வட்டமாகக் கறை பிடித்திருந்தது.

"சீனி, அந்தக் கறையப் பாரு. என்ன தெரியுது?"

"நெலா மாதிரி இருக்கு."

"முழு நெலாவா?"

சீனி தலையைச் சாய்த்தான். சிலிங்கில் இருந்த கறையின் வளைவு மூடியின் விளிம்பு வரை வந்து அறுந்தது. மூடியில் இருந்த கறைத் துண்டோ எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

"மூடிய யாரோ எடுத்திருக்காங்க. திருப்பி வெக்கும்போது மாத்தி வெச்சிட்டாங்க," என்றாள் மாதுமை. "பேய்க்கு மூடி தேவையில்ல."

துளசியின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது. அவள் தினமும் அரிசி எடுக்கும் இடம் அது.

"ஏறிப் பாரு, சீனி."

"நானா? அக்கா, இந்த அலமாரி என்ன பாவம் பண்ணிச்சு?"

முனகிக்கொண்டே ஏறி, மூடியைத் தள்ளி, கைபேசி விளக்கோடு தலையை உள்ளே விட்டான். மாதுமை அலமாரியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "வீட்டுக்கு வீடு செவரு இருக்கணும்ல? மேல வரைக்கும் கட்டாம பாதியிலேயே விட்டுட்டானுங்க. இந்தப் பக்கம் கார்த்திகேசு வீட்டுத் தொட்டி தெரியுது, அந்தப் பக்கம் விமலா அக்கா வீட்டுத் தொட்டி தெரியுது. இது கூரை இல்லக்கா, ஹைவே. டோல்தான் இல்ல."

துளசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூட்டை மாற்றி, தாழ்ப்பாளை இரண்டாக்கி, அவள் விழித்துக் காத்த இரவுகளில் தலைக்கு மேலே வீடு திறந்தே கிடந்திருக்கிறது.

"யாருக்கா? அந்த ஆளுதானா?"

மாதுமை அவள் பக்கத்தில் குந்தினாள். "வெளக்கு எரிஞ்ச அன்னைக்கும், ஈரக்கால் வந்த அன்னைக்கும் அளக்கிற ஆளு வர வேண்டியிருந்திச்சு. வீடு வாங்குறதத் தடுக்க நெனைக்கிறவன் என்னைக்கு வேணா வருவான். இது அளவு நாடாவுக்குப் பயப்படுற ஆளு. வேல்யுவர் வாராருன்னு யாருக்குத் தெரியும்?"

"ஜாகாகிட்ட சொன்னேன். ஜாகா சொல்லி கார்த்திகேசு அங்கிளுக்குத் தெரியும். விமலா அக்காகிட்டயும் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது."

"உடுப்பு படுத்திருந்த அன்னைக்கு?"

"அன்னைக்கு யாரும் வர்றதா இல்லக்கா." துளசி கைபேசியில் தான் எடுத்த படத்தைக் காட்டினாள். நீலப் பினஃபோர், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத போர்வை. கட்டில் ஓரத்தில் சுவரில் ஒரு சின்ன விளக்கு.

"இந்த லைட்டு?"

"ஷாமினி தூங்குறப்ப போடுறது. இருட்டுன்னா பயப்படுவா."

"பகல்ல எரியுதே."

துளசி படத்தை உற்றுப் பார்த்தாள். "நான் கவனிக்கல."

மாதுமை எழுந்தாள். "சரி. இப்ப நீங்க விமலா அக்காகிட்ட மட்டும் போயி ஒண்ணு சொல்லணும். ஜாகாகிட்ட மூச்சு விடக் கூடாது."

வேலியோரம் துளசி சொன்னதை மாதுமை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். "வேல்யுவர் இன்னைக்கே வாரேன்னுட்டாருக்கா. பெரிய ரோட்டுல நிக்கிறாராம், நான் போயி கூட்டிட்டு வாரேன்."

"இன்னைக்கேவா?" விமலாவின் குரல் ஒரு நொடி தடுக்கி விழுந்து எழுந்தது. "சரிடா. பாத்துப் போ."

சீனியின் கார்க் கண்ணாடி கறுப்பு. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. தேவைக்கு அதிகமாகவே ஹாரன் அடித்துக்கொண்டு அவன் மட்டும் கிளம்பிப் போனான். மாதுமையும் துளசியும் ஷாமினியின் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். கதவு இடுக்கு வழியே சாமான் அறை தெரிந்தது.

வீடு அமைதியானது. குழாய் சொட்டும் சத்தம். தெருவில் ஐஸ்கிரீம்காரனின் மணி வந்து, தேய்ந்து போனது. துளசி மாதுமையின் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது.

மேலே ஏதோ உராய்ந்தது.

மரம் முனகியது. பிறகு நின்றது. பிறகு அவர்கள் தலைக்கு நேர் மேலே, மெல்ல, கனம் பார்த்துக் கால் வைக்கும் ஒலி. துளசி கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் எலி என்று நினைத்து எத்தனை முறை புரண்டு படுத்திருப்பாள்!

சதுர மூடி நகர்ந்தது. இருட்டிலிருந்து இரண்டு கால்கள் தொங்கி, அலமாரியைத் தேடித் தொட்டன. கைலி கட்டிய உடம்பு இறங்கியது. தலை இருந்தது, முகம் இல்லை. வெள்ளையாக, மழமழவென்று, கண் மட்டும் தெரியும் ஏதோ ஒன்று திரும்பிப் பார்த்தது.

துளசி அலறிவிட்டாள்.

அந்த உருவமும் அலறியது. அரிசி டின் உருண்டது. மாதுமை இரண்டே எட்டில் பாய்ந்து அதன் கையைப் பிடித்து, முகக்கவசத்தை இழுத்தாள். தலைமுடியை மூடியிருந்த சமையல் பிளாஸ்டிக் தொப்பியும் கூடவே வந்தது.

விமலா.

ஒட்டடையும் தூசியும் படிந்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டது. காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு, கொண்டுபோன சாவியால் கதவைத் திறந்து மூச்சிரைக்க ஓடிவந்த சீனி, அவளைப் பார்த்து நின்றுவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். துளசியின் முகத்தைப் பார்த்து முதல் முறையாக வாயை மூடிக்கொண்டான்.

"ஏன்க்கா?" என்றாள் துளசி. "நீங்கதானே என்னக் கட்டிப்பிடிச்சி தண்ணி குடுத்தீங்க?"

"என் குசினிடா," என்றாள் விமலா. "என் குசினி செவரு ஒங்க நெலத்துல நிக்குது. பெரியவரு கோலாலம்பூருக்குப் போனப்புறம், நீ குடி வர்றதுக்கு முன்னாலயே, கேக்காம தள்ளிக் கட்டிட்டேன். வாடகைக்கு இருக்கிற வரைக்கும் நீ ஏன் அளக்கப் போற? வாங்குறதுன்னா பிளானையும் நாடாவையும் எடுத்துக்கிட்டு வந்துருவான். கார்த்திகேசு காதுல விழுந்தா மாநகர் மன்றத்துல சொல்லி மறுநாளே இடிச்சிருவான். அந்தக் குசினி போனா எனக்கு என்ன இருக்கு? பயந்துட்டேன்லா. நீயா மனசு மாறிப் போயிட்டா யாருக்கும் சேதம் இல்லன்னு நெனச்சேன்."

"பின்முற்றம் ரெண்டு பக்கமும் ஒரே அகலமா இருக்கணும்," என்றாள் மாதுமை சீனியிடம். "ஒன் வயிறு கண்டுபிடிச்சது அதத்தான்."

"சேதம் இல்லையா?" துளசி ஓரடி முன்னால் வந்தாள். "வெளக்க ஏத்துனீங்க, தண்ணிக்கால வெச்சீங்க, சரி. என் புள்ள உடுப்ப எடுத்துப் பொணம் மாதிரி படுக்க வெச்சீங்களே! அவ ஒங்க கையால சோறு திங்கிறவ!"

விமலா விழித்தாள். "உடுப்பா? எந்த உடுப்பு?"

"நடிக்காதீங்க."

"முருகன் சத்தியமா! அந்த ரூமுக்குள்ள நான் கால் வெச்சதே இல்ல. ராத்திரில மேல வந்து வழி பாத்துட்டுத் திரும்பியிருக்கேன், ஆனா ரெண்டே தடவைதான் எறங்குனேன். நீ அதச் சொன்னப்ப எனக்கே ஒடம்பு வெலவெலத்துப் போச்சு. இந்த வீட்டுல நெசமாவே ஏதோ இருக்குன்னு நெனச்சி, இன்னைக்கு எறங்கவே கை கால் ஓடல."

சீனியின் கண் மெதுவாக மேலே, திறந்து கிடந்த இருட்டுச் சதுரத்துக்குப் போனது. துளசி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்படியானால் வேறு யார்?

வெளியே பள்ளி வேனின் ஹாரன் கேட்டது.

"நான் பேசுறேன்," என்றாள் மாதுமை.

ஷாமினிக்கு எட்டு வயது; பார்க்க அதைவிடச் சின்னவள். முதுகை விடப் பெரிய பை. விமலா வீட்டில் யாரும் இல்லாததால் இங்கே வந்தவள், ஹாலில் புது ஆட்களைப் பார்த்துத் தயங்கினாள். மாதுமை தரையில் உட்கார்ந்து அந்தப் பையை இறக்கிவிட்டாள்.

"ஷாமினி, ஒரு கேள்வி. கட்டில்ல உடுப்ப யாரு வெச்சா? தப்பு இல்ல, சும்மா கேக்குறேன். பயமுறுத்த வர்றவங்க, அந்த உடுப்புக்குப் பயமா இருக்குமேன்னு நைட் லைட்டப் போட்டு வெக்க மாட்டாங்கல்ல?"

சிறுமி தாயைப் பார்த்தாள். பிறகு தன் காலணியைப் பார்த்தாள்.

"நான்தான்."

துளசிக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம். "நீயா?"

"ஸ்கூலுக்குப் போறப்ப. நீங்க காரு எடுத்துக்கிட்டு இருந்தீங்க." ஷாமினியின் உதடு பிதுங்கியது. "மேல நடக்குறது கேக்கும்மா. ஒருநா நான் காய்ச்சல்னு பாதியில வந்தப்ப கூட கேட்டுச்சு. பேய் வந்து என்னைத் தேடுமில்ல? அத நான்னு நெனச்சி எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு வெச்சேன். அப்புறம் என்னைத் தேடாதுல்ல."

துளசி பாய்ந்து போய் அவளை அள்ளிக்கொண்டாள். அந்த நேரத்தில் வீட்டில் எழுந்த அழுகை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாமான் அறை வாசலில் நின்ற விமலாவும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பேய் இல்லடா," என்றாள் துளசி. "மேல நடந்தது விமலா ஆன்ட்டி."

ஷாமினி தாயின் தோளுக்கு மேலாகத் தூசி படிந்த அந்த முகத்தைப் பார்த்தாள். தினமும் தலை வாரி விடும் முகம். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விமலாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சாமான் அறைப் பக்கம், அலமாரியை நோக்கித் திரும்பினாள்.

"அந்த வழியா வேணாம்." துளசி முன்கதவு கிரில்லைத் திறந்தாள். "வாசல் வழியா போங்க."

"எல்லாரும் பாப்பாங்கடா."

"பாக்கட்டும்."

கைலியும் ஒட்டடையுமாக விமலா வெளியே போனாள். அலறல் கேட்டு வந்திருந்த நாலைந்து வீட்டுக்காரர்கள் கேட்டருகே நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் கார்த்திகேசு, விசிலோடு. விமலா தலை நிமிராமல் அவர்களைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன இதெல்லாம்? வாடகைக்கு இருக்கிறவங்க கொஞ்சம் அடங்கி..."

"நாளைக்கே வேல்யுவர வரச் சொல்லப் போறேன், அங்கிள்," என்றாள் துளசி. "இந்த வீட்ட நான் வாங்குறேன். ஜாகாகிட்ட சொல்லிடுங்க. இந்த வரிசையில யாரு கூரைக்குள்ளயும் செவரு இல்ல, ஒங்களுதும் சேத்து. கூட்டம் போடுங்க. நான் வந்து பேசுவேன். இந்தத் தடவை ஒக்கார மாட்டேன்."

கார்த்திகேசுவின் பார்வை தன் வீட்டுக் கூரைக்குப் போனது. அவர் முகம் வெளுத்ததைச் சீனி ரசித்துப் பார்த்தான். "இன்னைக்கு அவரு தூங்க மாட்டாரு. தொட்டிக்குப் பக்கத்துல ஜாகா போட்டாலும் போடுவாரு."

"அந்தக் குசினிய என்ன செய்யப் போறீங்க?" என்று மாதுமை கேட்டாள்.

"தெரியலக்கா. அளந்து பாத்துட்டுத்தான். இடிக்கச் சொல்ல வாய் வருமான்னு தெரியல. மன்னிக்கவும் வரல."

மாதுமை தலையசைத்தாள். சீனி மூடியை மேலே ஏற்றி, அதன் குறுக்கே ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தான். ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு முனகல். கொத்தனாரை அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

கார் சத்தம் மறைந்ததும் ஷாமினி தாயின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மேல செவரு கட்டுற வரைக்கும் நான் ஒங்க கூட படுத்துக்கட்டுமா?"

துளசி சாமான் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதற்கும் ஒரு முறை தாழ்ப்பாள் போட்டாள்.

"நானே ஒன்கிட்ட அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்டா," என்றாள்.